ஊதக் கூடாத கல்

கல் பரிசோதனைக்கூடத்தில் அவரைக் கழுகு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவரும் கோபித்துக்கொண்டது கிடையாது. கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஒரு கல் அசலா போலியா என்று சொல்ல மற்றவர்களுக்கு மூன்று கருவிகள் வேண்டும். அவருக்கு ஒரு லென்ஸும் ஒரு வாய் மூச்சும் போதும்.

மூச்சு என்று வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கல்லைச் சாமணத்தால் எடுப்பார், வாயருகே கொண்டுபோவார், ‘ஹா’ என்று ஒரு ஊது. கல்லின் முகத்தில் ஆவி படியும். நல்ல வைரமென்றால் அந்த ஆவி கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போய்விடும். கண்ணாடித் துண்டென்றால் அசமந்தமாக உட்கார்ந்திருந்துவிட்டு மெதுவாக விலகும். பிறகு சட்டைப் பையிலிருந்து சாம்பல் நிறத் துணியை எடுத்து ஒரு துடை. அதற்கப்புறம்தான் லென்ஸ். ஒரு நாளைக்கு நாற்பது கல், வருஷத்துக்கு முந்நூறு நாள், முப்பத்தோரு வருஷம். எத்தனை ஊது என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் மூக்குக்கண்ணாடியை ஊதுவார், ஸ்பூனை ஊதுவார். ஒருமுறை வாசல் கதவுச் சாவியை ஊதித் துடைத்துவிட்டுப் பூட்டுக்குள் நுழைத்தார். கூட வேலை பார்ப்பவர்கள் அவரைப் போல நடித்துக்காட்ட வேறு எந்தச் சிரமமும் பட வேண்டாம். வாயைத் திறந்து ஒரு ‘ஹா’ போட்டால் அறையே சிரிக்கும்.

இப்பேர்ப்பட்ட மனிதரின் தம்பிக்கு வாய்த்ததோ, மூச்சுப் பட்டால் கெட்டுப்போகிற கல்.

தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். பகலெல்லாம் ஊராரின் பார்வைக்கு லென்ஸ் தேய்த்துவிட்டு, விடுமுறை நாளில் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து கல் தேய்ப்பான். அதுவும் என்ன கல்? மோதிரத்தில் வைக்க முடியாத கல், கழுத்தில் போட முடியாத கல், நகைக்கடைக்காரன் பெயரே கேள்விப்பட்டிராத கல். வெயில் பட்டால் வெளுக்கிறது ஒன்று. விரலால் தட்டினால் தகடு தகடாகப் பிளக்கிறது இன்னொன்று. இருபத்திரண்டு பெட்டிகள் நிறைய இந்த மாதிரி நோஞ்சான்களைச் சேர்த்து வைத்திருந்தான். அவன் மனைவி கணக்கு டீச்சர். “இதுக்கு நாலு பிள்ளை பெத்து வளத்திருக்கலாம், தொந்தரவு குறைச்சலா இருந்திருக்கும்” என்பாள். பிள்ளை இல்லாத வீடு அது. அவள் அப்படிச் சொல்லும்போது தம்பி மட்டும் சிரிப்பான். கழுகு ஜன்னல் பக்கம் பார்ப்பார்.

அந்த இருபத்திரண்டிலும் செல்லப்பிள்ளை வில்லியோமைட் என்ற சிவப்புக் கல். மாதுளை முத்தின் சிவப்பு. திருப்பிப் பிடித்தால் ஒரு பக்கம் மஞ்சள் கலந்து தெரியும். நாலு காரட்டுக்குச் சற்றே அதிகம். நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மெத்து. போதாததற்கு விஷம், தேய்த்த தூள் வயிற்றுக்குள் போனால் ஆளையே சாய்த்துவிடும் என்று தம்பி கையுறை போட்டுக்கொண்டுதான் உட்காருவான். எல்லாவற்றுக்கும் மேலாக, அது தண்ணீரில் கரையும். உப்பைப் போலக் கரையும். ஏனென்றால் அது ஒரு வகை உப்பேதான். மற்றக் கல்லைத் தேய்க்கும்போது சூடு ஏறாமலிருக்கச் சாணைத் தட்டில் தண்ணீர் சொட்டவிடுவார்கள். இதற்கு எண்ணெய் சொட்டவிட்டு, எட்டு மாதம், விடுமுறை விடுமுறையாக உட்கார்ந்து தேய்த்து முடித்தான். முடித்த அன்று அண்ணனுக்குத்தான் முதலில் போன் செய்தான்.

கழுகு வந்து பார்த்தார். ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கிற கருவியைத் தம்பிக்காகப் பரிசோதனைக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்தார். கல்லை வைத்தால் அளவுக்கோடு தெரியவே இல்லை. தண்ணீரைவிடக் குறைவாக வளைக்கிற கல்லுக்கு அந்த அளவுகோலில் இடமே கிடையாது.

“உன் கல்லு என் மெஷின்லயே ஏற மாட்டேங்குதுடா. உப்புப் பெறாத விஷயத்துக்கு எட்டு மாசமா?”

“மெஷினுக்குத்தான் பத்தலைண்ணா. கல்லுக்கு ஒண்ணும் குறையில்ல.”

அன்றைக்கு இருவரும் முகத்தில் மாஸ்க் கட்டியிருந்தார்கள். அந்தக் கல்லைத் திறக்கிறபோது யாராயிருந்தாலும் மாஸ்க் கட்ட வேண்டும் என்பது தம்பியின் சட்டம். பேசினால் எச்சில் தெறிக்கும், மூச்சில் ஈரம் இருக்கும், கையில் வியர்வை இருக்கும். ஆகையால் மாஸ்க், உலர்ந்த சாமணம், தொடக் கூடாது, துடைக்கக் கூடாது. கல் இருந்த பெட்டிக்குக் காற்றுப் புகாத மூடி. அடியில் ஈரத்தை உறிஞ்சும் நீல மணிகள். ஈரம் ஏறினால் மணிகள் ரோஸ் நிறமாகிவிடும். அப்போது எடுத்து வாணலியில் வறட்டு வறட்டென்று சூடாக்கினால் மறுபடி நீலமாகும். வாரம் ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும். கழுகு இதையெல்லாம் கேட்டுவிட்டு மாஸ்க்குக்குள்ளேயே உதட்டைப் பிதுக்கினார். மாஸ்க் கட்டியதில் அவருக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

பொறாமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் கல்லுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த மனிதர், தனக்கென்று ஒரு கல்கூட வைத்துக்கொண்டதில்லை. தம்பி பெட்டியைத் திறக்கும்போது அவன் முகத்தில் வருகிற வெளிச்சம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. அது அவருக்குத் தெரியும்.

*

தம்பிக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் படுத்தான். டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவன் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானத்தில் வீட்டுக்கு ஓடுவாள். துணி துவைக்கக்கூட இல்லை, மணி மாற்ற. “போய்ட்டு வந்தியா? நீலமா இருந்துச்சா?” என்று அவன் கேட்பான். “இருந்துச்சு, வறுத்துப் போட்டுட்டேன்” என்பாள். இந்த ஒரு பேச்சில்தான் அவன் வலியை மறப்பான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஐந்தாவது ஞாயிறு அவனுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. டீச்சரால் நகர முடியவில்லை. வராந்தாவில் நின்றிருந்த கழுகிடம் சாவிக்கொத்தை நீட்டினாள்.

“அத்தான், உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா இன்னிக்கு ஒருநாள் நீங்க போய் மணி மாத்திடுங்களேன். மாஸ்க் மேல் டிராயர்ல இருக்கு.”

“இதுல என்னம்மா சிரமம்” என்று வாங்கிக்கொண்டார்.

பூட்டிக் கிடந்த வீட்டில் ஈர வாடை அடித்தது. பின்னறையில் கண்ணாடி அலமாரி. அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. டீச்சரின் முத்துமுத்தான கையெழுத்தில் தேதிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். பரீட்சைத் தாளுக்குப் போடுகிற அதே டிக். நாலு ஞாயிறும் தவறாமல் போட்டிருந்தாள். ஐந்தாவது தேதி டிக் இல்லாமல் காத்திருந்தது.

கழுகு டிராயரைத் திறந்தார். மாஸ்க் இருந்தது. ‘இங்கே யாரோடு பேசப் போகிறேன், எச்சில் தெறிக்க?’ என்று நினைத்து டிராயரை மூடினார். சத்தியமாக இவ்வளவுதான் நினைத்தார். ஆனால் நினைத்ததில் கொஞ்சம் நக்கலும் இருந்தது. தம்பியின் சட்டம் தம்பி இல்லாதபோது செல்லாது என்கிற மாதிரி ஒரு சின்னச் சுதந்திரம்.

பெட்டியைத் திறந்தார். மணிகள் நல்ல நீலமாக இருந்தன. மணியை மாற்றிவிட்டு மூடியிருந்தால் தீர்ந்தது. ஆனால் கல் அங்கே இருந்தது. ஜன்னலில் மழை வெளிச்சம். அந்தக் கல்லோடு அவர் தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை. சாமணத்தால் எடுத்தார். இத்தனை நாள் கிண்டல் பண்ணின கல் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. தம்பி வெட்டின முனைகள் ஒன்றோடொன்று மயிரிழை பிசகாமல் கூடியிருந்தன. ‘கைகாரன்டா நீ’ என்று வாய்விட்டே சொன்னார். லென்ஸை எடுத்தார். மேல் முகத்தில் ஒரு தூசி.

‘ஹா.’

துணி எப்போது பையிலிருந்து கைக்கு வந்தது என்று அவருக்குத் தெரியாது. துடைத்தார். பார்த்தார். முகம் மங்கலாக இருந்தது. மங்கலான கல்லைப் பார்த்தால் அந்தக் கை என்ன செய்யும்? முப்பத்தோரு வருஷமாக என்ன செய்ததோ அதைத்தான் செய்தது. இன்னொரு ‘ஹா’. இன்னும் அழுத்தி ஒரு துடை. மூன்றாவது தடவை வாயருகே கொண்டுபோனபோதுதான் மூச்சு பாதியில் நின்றது.

ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். கண்ணில் புரை விழுந்தாற்போல் மேல் முகம் முழுக்க வெளுத்திருந்தது. துணி போன திசையில் மெல்லிய கோடுகள். பக்கத்து முகங்களெல்லாம் பளிச்சென்று இருந்தன. எட்டு மாதம் எண்ணெய் விட்டுத் தேய்த்ததை எட்டு விநாடியில் தொலைத்துவிட்டார்.

கல்லைத் திரும்ப வைத்தார். மணிகளை வறுத்துப் போட்டார். பெட்டியை மூடினார். அலமாரிக் கதவில், ஐந்தாவது தேதிக்குப் பக்கத்தில் டிக் போட்டார். டீச்சரின் சிவப்புப் பேனா அங்கேயே நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த டிக் கோணலாக விழுந்தது.

“நீலமா இருந்துச்சா அண்ணா?” என்று அன்று சாயந்தரம் தம்பி காய்ச்சலோடு கேட்டான்.

“இருந்துச்சு” என்றார் கழுகு. அந்த அளவுக்கு அது உண்மைதான்.

*

ஏழாவது வாரம் டாக்டர்கள் தம்பியை வீட்டுக்கு அனுப்பினார்கள். குணமாகி அனுப்பவில்லை. இனிமேல் ஆஸ்பத்திரி செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதைப் பக்குவமாகச் சொல்லத் தெரியாமல், “வீட்டுல இருந்தா மனசுக்கு நல்லது” என்றார்கள். பின்னறையிலேயே கட்டில் போட்டார்கள். அவன் முதலில் தண்ணீர் கேட்டான், அப்புறம் கல்லைக் கேட்டான்.

மூன்று பேரும் மாஸ்க் கட்டிக்கொண்டார்கள். டீச்சர் பெட்டியைத் திறந்து அவன் மார்பின்மேல் வைத்தாள். தம்பி லென்ஸை வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். எலும்பாகிவிட்ட கையில் சாமணம் கொஞ்சம்கூட ஆடவில்லை.

“மங்கிருக்கே” என்றான் தம்பி. மனைவியைப் பார்த்தான். “மணி மாத்தினேல்ல?”

“எல்லா வாரமும் மாத்தினேங்க. ஒரு வாரம் மட்டும் அத்தான் போனாரு.”

தம்பி அண்ணன் பக்கம் திரும்பினான். கேள்வி கேட்கவில்லை, சும்மா திரும்பினான். இந்த இடத்தில் நாலு வார்த்தை போதும்: நான்தான் ஊதிட்டேன்டா, என்னை மன்னிச்சிரு. கழுகு நாலு வார்த்தைதான் சொன்னார், ஆனால் வேறு நாலு வார்த்தை.

“போனப்பவே மணி ரோஸா இருந்துச்சு.”

அவ்வளவுதான். அதைச் சொல்ல வேண்டுமென்று அவர் திட்டம் போட்டு வரவில்லை. அது தானாக வாயில் வந்து விழுந்தது. விழுந்த பிறகு பொறுக்கி எடுக்க முடியவில்லை. டீச்சர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. அவள் அலமாரிக் கதவைத் திறந்து டிக் போட்ட தாளைக் காட்டுவாள் என்று கழுகு காத்திருந்தார். அவள் காட்டவில்லை.

“நான்தான் ஏதோ ஞாபகத்துல சரியா வறுக்காம விட்டிருப்பேன்” என்றாள்.

“பரவால்ல விடு” என்றான் தம்பி. கொஞ்ச நேரம் கழித்து, “இனிமே பெட்டி சாவியெல்லாம் அண்ணன்கிட்ட இருக்கட்டும்” என்றான்.

டீச்சர் கைப்பையிலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். குற்றம் செய்தவர் கையில் சாவி, செய்யாதவள் கையில் வெறும் பை. கழுகு அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவாவது வாய் இருந்திருக்கலாம்.

கிளம்பும்போது மாடிப்படியில் அவள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். எதையாவது சொல்லாமல் அவளைத் தாண்டிப் போக அவரால் முடியவில்லை. “விடும்மா. நீ இருந்த அலைச்சல்ல யாருக்கா இருந்தாலும் மறதி வரும்” என்றார். அவள் “ம்” என்றாள். இரண்டு படி இறங்கிய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் நேரே தம்பி வீட்டுக்குத்தான் போனார். ஐந்தரை மணிக்குப் போனால் தம்பி தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். மற்ற நேரமெல்லாம் சுருண்டு கிடக்கிறவன், அந்த நேரத்துக்கு மட்டும் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கழுகுக்கு ஆச்சரியமாக இருக்கும். கல்லை எடுக்கச் சொல்வான். இருவரும் மாஸ்க் கட்டிக்கொள்வார்கள். லென்ஸை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள்.

“அண்ணா, ஈரக் காத்துல மங்கினா எல்லா முகமும் ஒண்ணுபோலத்தானே மங்கணும்?”

“ஆமா.”

“விளிம்பெல்லாம் மழுங்கியிருக்கணும்.”

“ம்.”

“இதுல மேல் முகம் மட்டுந்தான் போயிருக்கு. விளிம்பு கத்தி மாதிரி நிக்குது. வேடிக்கையா இல்ல?”

“உன் கல்லே வேடிக்கைதானேடா” என்றார் கழுகு. சிரிக்கவும் செய்தார். மாஸ்க்குக்குள் முகம் முழுக்க வியர்த்திருந்தது.

லென்ஸ் தேய்த்தே வயசான ஒருவனுக்கு, துணி போன கோடு எது, ஈரம் அரித்த பள்ளம் எது என்று தெரியாதா? தெரியும் என்று கழுகுக்கு ஒரு மனம் சொன்னது. தெரிந்தால் சும்மா இருப்பானா, சின்ன வயசிலிருந்து ஒரு பென்சில் தொலைந்தாலே ஊரைக் கூட்டுகிறவனாயிற்றே என்று இன்னொரு மனம் சொன்னது. அவர் இரண்டாவது மனத்தின் பேச்சைக் கேட்டார். அதுதான் வசதியாக இருந்தது.

“வேணும்னா நான் ஆள் பிடிச்சு அந்த முகத்தை மட்டும் மறுபடி பாலிஷ் போட்டுத் தரச் சொல்றேன்டா” என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

“வேண்டாண்ணா. இப்படியே இருக்கட்டும். எனக்குப் பாக்கறதுக்கு ஏதாவது இருக்கணுமில்ல.”

இன்னொரு நாள், டீச்சர் மருந்து வாங்கப் போயிருந்த சமயம், தம்பி கல்லைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: “நாம சின்னப் பிள்ளையா இருந்தப்போ அப்பாவோட கைக்கடிகாரத்தை நான் உடைச்சேன், ஞாபகம் இருக்கா?”

“நீ எங்கடா உடைச்சே? நான்தானே உடைச்சேன்.”

“ஆமா, நீதான். நீதான் நேரா போய்ச் சொன்னே. அடி வாங்கினே. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்.” தம்பி மூச்சு வாங்கினான். “எங்கண்ணன் எவ்வளவு தைரியம்னு நினைச்சேன்.”

இதோ, கதவைத் திறந்தே வைத்துவிட்டான். உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி. சொன்னால் இந்த நிலைமையில் அவன் படபடத்துப் போவானோ? டாக்டர் அலட்டக் கூடாது என்றாரே. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குக் கொஞ்சம் தெம்பாக இருப்பான். இப்படி நல்ல நல்ல காரணமாகக் கிடைத்தது அவருக்கு. கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

“அதெல்லாம் பழைய கதைடா. நீ தூங்கு” என்றார்.

அடுத்த நாளும் நாளைக்கு என்றார். அதற்கடுத்த நாளும். இருபத்தாறு நாள் இப்படி ஓடியது. வியாழக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, ஒரு பச்சைக் கல்லை வாயருகே வைத்திருந்தபோது, போன் அடித்தது. டீச்சர் அழவில்லை. “அத்தான், வந்துடுங்க” என்று மட்டும் சொன்னாள். அவர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தலையணை முதுகுக்கு வைத்தபடியே இருந்தது.

*

ஒரு மாதம் அவர் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. பரிசோதனைக்கூடத்தில் கல்லை எடுத்தால் ஊத வரவில்லை. கருவியில் வைத்துப் பார்த்து எழுதிக் கொடுத்தார். நாற்பது கல் பதினைந்தாகக் குறைந்தது. வயசாகிவிட்டது பாவம் என்று பேசிக்கொண்டார்கள். பையில் தம்பியின் சாவி கனத்தது. தம்பியிடம் சொல்லாததை அவளிடமாவது சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் செய்யாத தவறைச் சுமந்துகொண்டு அவள் காலமெல்லாம் புழுங்குவாள் என்று தினமும் நினைத்தார். இதிலும் ஒரு தயாள குணம் பாருங்கள் அவருக்கு: அவளை விடுவிக்கத்தான் போகிறாராம்.

ஒரு ஞாயிறு மத்தியானம் போனார். டீச்சர் மேஜையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலியைக் காட்டினாள். காப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை. கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது.

கழுகு உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோய், கண்டபடி சொன்னார். மாஸ்க் போடாததைச் சொன்னார். ஊதியதைச் சொன்னார். இரண்டாம் தடவையும் ஊதியதைச் சொன்னார். மணி நீலமாக இருந்ததைச் சொன்னார். “உன்மேல பழியைப் போட்டேம்மா. நீ ஒரு தப்பும் பண்ணல” என்றபோது குரல் உடைந்து, அந்த வயசில், சத்தம் போட்டு அழுதார்.

டீச்சர் பேனாவை மூடினாள்.

“தெரியும் அத்தான்.”

அவர் நிமிர்ந்தார்.

“வீட்டுக்கு வந்த அன்னிக்கே தெரியும். நீங்க படியிறங்கினதும் என்னைக் கூப்பிட்டு, ‘அண்ணன் ஊதியிருக்கான்’னாரு. நான் அலமாரியைத் திறந்து டிக் போட்ட தாளைக் காட்டினேன். ‘அதெல்லாம் எதுக்கு, கல்லுல எழுதியிருக்கு’ன்னாரு.”

“அப்போ சாவி...”

“சாவி கையில இருந்தா தினம் வருவீங்க, தினம் பாத்தா சொல்லிடுவீங்கன்னாரு. மாட்டாருங்கன்னு நான் சொன்னேன். சொல்வான்னு அவர் சொன்னாரு.” அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அடிமுட்டாள் பிள்ளைக்குக் கணக்கு விளக்குகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். “எத்தனையோ தரம் கெஞ்சினேன், நீங்களே கேட்டுடுங்கன்னு. ‘கேட்டா நான் கண்டுபிடிச்சதா ஆயிடும். அவனா சொன்னாத்தான் அவன் சொன்னதா இருக்கும்’னாரு. கல்லு போனதுல அவருக்கு அவ்வளவு வருத்தமில்ல அத்தான். கல்லைத்தான் திரும்பத் தேய்க்கலாமே. அஞ்சு மணியானா என்னைத் தூக்கி உக்கார வைக்கச் சொல்வாரு. வலியில கண்ணுல தண்ணி வரும். அண்ணன் வர்ற நேரம், நான் படுத்திருந்தா அவன் சொல்லக் கஷ்டப்படுவான்பாரு.”

கழுகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“மாடிப்படியில எனக்கு ஆறுதல் சொன்னீங்களே, அதை மட்டும் அவர்கிட்ட சொல்லல.”

மழை இல்லை. வெளியே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மூடிய பேனாவை மறுபடி திறந்துகொண்டே பேசினாள்.

“நீங்க போனதும் தினமும் என்கிட்ட ஒண்ணு கேப்பாரு. ‘இன்னிக்கு மாஸ்க் அசைஞ்சுதே, பாத்தியா? சொல்லத்தான் வாயெடுத்தான்’பாரு.”

“நீ என்னம்மா சொல்வே?”

“பாத்தேன்னு சொல்வேன். கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான் சொன்னேன்.”

அவள் அடுத்த பரீட்சைத் தாளை இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அசையல அத்தான். ஒருநாள்கூட அசையல.”